கையுறை வாங்குமுன் கையைப் பாருங்கள்

தென்காசி, குற்றாலம், செங்கோட்டை, ஆய்க்குடி வட்டாரத்தில் தம் கையாலேயே சக்கர நாற்காலி தள்ளிப் போகும் தோழர்களுக்கும், அவர்களுக்குப் பொருள் வாங்கித் தரும் வீட்டாருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாரே, அக்காமாரே, தம்பி தங்கையரே,

வைகாசி முடியப் போகிறது. ஆனி பிறந்தால் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கும், சாரல் விழும், அருவிகளில் தண்ணீர் கொட்டும். வெளியூர்க்காரர்களுக்கு அது குளிக்க வரும் காலம். வீல்சேர் தள்ளுகிற நமக்கு ரிம் வழுக்கும் காலம். வெயிலில் நின்று கையைச் சுட்ட அதே ரிம், இன்னும் சில வாரத்தில் நனைந்து கையைவிட்டு நழுவும். அதனால்தான் இந்த மடலை இப்போது எழுதுகிறேன்.

சொல்ல வந்தது ஒன்றுதான். கையுறை வாங்கும்போது முதலில் மூன்று கேள்வி கேளுங்கள். என் கையில் உணர்ச்சி எவ்வளவு இருக்கிறது? விரல் பிடி எவ்வளவு இருக்கிறது? நான் தள்ளும் தெரு எப்படிப்பட்டது? இவற்றுக்கு விடை தெரிந்த பிறகு விலையைப் பார்க்கலாம்.

இந்தப் பேச்சு நம் வட்டாரத்திலிருந்து எழுவது பொருத்தம்தான். 1975-இல் பெங்களூரில் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துத் தண்டுவடம் அடிபட்ட எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சை தந்த விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சஹலின் பெயரைத்தான் சங்கத்துக்கு வைத்தார். 2020-இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. சங்கத்தின் செயலாளர் எஸ். சங்கரராமன், தசைச் சிதைவு நோயோடு வாழும் பட்டயக் கணக்காளர். அவரும் சக்கர நாற்காலியில் இருப்பவர். தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு அங்கே மறுவாழ்வுப் பயிற்சி உண்டு. பனையிலோ தென்னையிலோ இருந்து விழுந்தவர், சாரம் சரிந்து விழுந்த கொத்தனார், பைக்கில் போய் அடிபட்ட பையன் என்று தென்மாவட்டங்களில் தண்டுவடக் காயம் வரும் வழிகள் நமக்குத் தெரியாதவை அல்ல. பயிற்சி முடிந்து வீடு திரும்பும்போதுதான் அடுத்த பாடம் தொடங்குகிறது. வழவழப்பான சிமென்ட் தளத்தில் பழகிய கை, நம் ஊர்த் தெருவைச் சந்திக்கிறது.

அந்தக் கை எவ்வளவு உழைக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் நாற்காலிகளில் பின்சக்கரம் பெரும்பாலும் 24 அங்குலம். அது ஒருமுறை சுற்றினால் ஏறக்குறைய 1.9 மீட்டர் நகரும். ஒரு கிலோமீட்டருக்கு 520 சுற்று. சுற்றுக்கு ஒரே தள்ளு என்று குறைத்து வைத்தாலும், தென்காசியிலிருந்து குற்றாலம் வரையான 5 கிலோமீட்டருக்கு 2,600 தடவை ரிம்மைப் பிடித்துத் தள்ளி விட வேண்டும். மேடு வந்தால் இது இரட்டிப்பாகும்.

இந்தப் பாரம் உள்ளங்கை முழுவதும் ஒரே மாதிரி விழுவதில்லை. தள்ளும்போது கட்டைவிரலின் அடிமேடும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள கவையும் தேய்கின்றன. இறக்கத்தில் ரிம்மை அழுத்தி வேகத்தைக் குறைக்கும்போது உள்ளங்கையின் அடிப்பகுதி சூடாகிறது. கட்டைவிரலின் உள்பக்கம் ஒவ்வொரு தள்ளிலும் டயரில் உரசுகிறது. பழைய கையுறை ஒன்று உங்களிடம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். முதலில் கிழிந்த இடம் எதுவோ அதுதான் உங்கள் கை அதிகம் வேலை செய்யும் இடம். அடுத்த கையுறையில் அங்கே இரட்டைத் துணியோ ஒட்டுத்தோலோ இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இனிக் கைகளைப் பற்றி. நம்மில் எல்லாருடைய கையும் ஒன்றல்ல.

இடுப்புக்கோ மார்புக்கோ கீழே மட்டும் செயலிழந்தவர்களுக்குக் கையில் உணர்ச்சியும் பிடியும் முழுதாக இருக்கும். இவர்களுக்கு விரல் நுனி திறந்த அரைக் கையுறையே வசதி. போனைத் தொடலாம், சில்லறை எண்ணலாம், பஸ் டிக்கெட்டை வாங்கலாம். உள்ளங்கையில் தடித்த மெத்தை வேண்டாம். மெத்தை தடிக்கத் தடிக்க ரிம்மை இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும்; சாயங்காலம் முழங்கைக்குக் கீழே வலிக்கும். ரிம்மை உணர முடிகிற அளவுக்கு மெல்லிசாகவும், தேயாத அளவுக்கு உறுதியாகவும் இருந்தால் போதும்.

கழுத்தில் அடிபட்டவர்களின் நிலை வேறு. விரல் மடங்காது, உள்ளங்கையில் சில இடங்களில் உணர்ச்சியும் இருக்காது. இவர்கள் ரிம்மைப் பிடிப்பதில்லை, உள்ளங்கையை அதன்மேல் அழுத்தி உரசித் தள்ளுகிறார்கள். பிடிக்குப் பதில் உராய்வுதான் வேலை செய்கிறது. அதனால் இவர்களுக்கு உள்ளங்கை முழுக்க ரப்பர் பூசிய கையுறை வேண்டும். வீல்சேர் ரக்பி ஆடுகிறவர்கள் கையுறையில் ஒட்டும் பசையைத் தடவிக்கொள்வதும் இந்தக் காரணத்துக்காகத்தான். ரிம்மைச் சுற்றி சைக்கிள் டியூப்பை இழுத்துக் கட்டிக்கொள்வது நம் பக்கத்து வழி. மலிவானது, நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ரப்பர் சுற்றிய ரிம்மை இறக்கத்தில் வெறுங்கையால் பிடித்தால் தோல் வெந்துபோகும். டியூப் சுற்றியவர்கள் கையுறை இல்லாமல் தெருவில் இறங்க வேண்டாம்.

கழுத்தின் ஆறாம் நரம்பு அளவில் அடிபட்டவர்களுக்கு இன்னொரு சங்கதி. மணிக்கட்டை மேலே தூக்கினால் விரல்கள் தாமாக உள்ளே மடங்கும். அந்த மடக்கில்தான் டம்ளர் எடுப்பதும் பேனா பிடிப்பதும் நடக்கிறது. மணிக்கட்டில் விறைப்பான பட்டையுள்ள ஜிம் கையுறையை இவர்களுக்கு வாங்கித் தந்தால் இருக்கிற கொஞ்சப் பிடியும் போய்விடும். மணிக்கட்டு தாராளமாக மடங்க வேண்டும். ஒட்டுப்பட்டையின் நுனியில் ஒரு நாடா வளையம் தைத்துவிட்டால், பல்லால் கவ்வியோ கட்டைவிரலை நுழைத்தோ தாமே கழற்றிக்கொள்ளலாம். பட்டையை இறுக்கிக் கட்டாதீர்கள். மார்பின் ஆறாம் நரம்பு அளவிலோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்களுக்கு, உணர்ச்சியில்லாத இடத்தில் எது இறுக்கினாலும் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறலாம். காரணமில்லாமல் தலை வலித்து முகம் வியர்த்தால் முதலில் உடம்பில் இறுக்கமாக இருப்பதையெல்லாம் தளர்த்துங்கள், சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கிறதா பாருங்கள். அப்படியும் குறையவில்லை என்றால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

உணர்ச்சியற்ற கையைப் பற்றி உலகுக்குப் பாடம் சொன்ன ஊர் நம் வேலூர். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தாமாக அழுகி விழுகின்றன என்று எல்லாரும் நம்பியிருந்த காலத்தில், சி.எம்.சி. மருத்துவமனையின் பால் பிராண்ட், வலி தெரியாததால் படும் காயங்களே அந்தக் கைகளைச் சிதைக்கின்றன என்று காட்டினார். அதே மருத்துவமனையின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அதன்பின் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் அமைந்ததில் அவர் பங்கு பெரிது. அவர்கள் காட்டிய பாடம் நமக்கும் அப்படியே பொருந்தும்: வலி தெரியாத கைக்குக் கண்தான் காவல். கையுறை போட்டாயிற்று என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. ஒவ்வொரு இரவும் கழற்றி, விளக்கு வெளிச்சத்தில் இரண்டு உள்ளங்கையையும் விரல் இடுக்கையும் பாருங்கள். சிவந்த தடமோ கொப்புளமோ இருந்தால் அது ஆறும்வரை அந்த இடத்தில் உரசல் படக் கூடாது. உணர்ச்சியற்ற கைக்காரர்கள் கையுறையை உள்புறம் வெளியே திருப்பித் தையலைத் தடவிப் பார்க்கச் சொல்லி வீட்டில் ஒருவரிடம் கேளுங்கள். தடித்த தையல் ஒன்று போதும், நாள் முழுக்க அழுத்திப் புண்ணாக்கிவிடும்.

மூன்று சக்கர வண்டியைக் கையால் சுற்றி ஓட்டுகிறவர்களுக்கு வேறு கணக்கு. கைப்பிடி உள்ளங்கைக்குள்ளேயே சுழல்வதால் விரல்களின் அடியில் கொப்புளம் வரும். ரிம்முக்கு வாங்கும் கையுறை அங்கே உதவாது. விரல் அடிகளில் மெத்தை வைத்த ஜிம் கையுறை இவர்களுக்குச் சரி.

அடுத்தது துணியும் தோலும். கடைக்குப் போனால் ஐந்தாறு வகை கண்ணில் படும்.

அசல் தோல் கையுறை காய்ந்த காலத்தில் நன்றாக உழைக்கும்; இறக்கத்தில் சூடு ஏறாது. ஆனால் சாரலில் நனைந்தால் ஊறி, காய்ந்தால் விறைத்து, அலமாரியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். தோல் பொருளோடு காசி விசுவநாதர் சந்நிதிக்குள் போகக் கூசுகிறவர்களும் நம்மில் உண்டு. ரெக்சின் போன்ற செயற்கைத் தோலுக்கு இந்த இரண்டு சிக்கலும் கிடையாது.

ஹார்டுவேர் கடை அண்ணாச்சியிடம் கிடைக்கும் புள்ளி வைத்த பருத்திக் கையுறை மலிவு. வெயில் காலத்துக்கு ஆகும். நனைந்தால் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். அதே கடையில் உள்ளங்கையில் ரப்பர் பூசிய வேலைக் கையுறை இருக்கும். பூச்சில் இரண்டு வகை: இயற்கை ரப்பர், நைட்ரைல். வெறும் தண்ணீருக்கு இயற்கை ரப்பர் நல்ல பிடி. ஆனால் நம் குற்றாலம் வெறும் தண்ணீர் ஊரல்ல, எண்ணெய் ஊர். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவர்கள் நடந்த தரையில்தான் நம் சக்கரமும் உருள்கிறது. சக்கரத்தில் ஒட்டிய எண்ணெய் கைக்கும் வரும். எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் உப்பி இளகிவிடும், நைட்ரைல் தாங்கும். பேரருவிப் பக்கமும் ஐந்தருவிப் பக்கமும் பிழைப்பு வைத்திருப்பவர்கள், கடை போட்டிருப்பவர்கள் நைட்ரைலையே வாங்குங்கள்.

இயற்கை ரப்பரைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை, பெற்றோருக்கு. பிறவியிலேயே முதுகுத்தண்டு முழுதாக மூடாமல் பிறக்கும் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலிருந்தே பல அறுவைச் சிகிச்சை நடப்பதால், மருத்துவக் கையுறை, குழாய்களின் வழியாக லேடெக்ஸ் ஒவ்வாமை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிக அதிகம். அரிப்பில் தொடங்கி மூச்சுத்திணறல் வரை போகலாம். அந்தப் பிள்ளைகளுக்கு இயற்கை ரப்பர் பூசிய கையுறை வேண்டவே வேண்டாம். ரிம்மில் டியூப் சுற்றுவதும் வேண்டாம்.

ஸ்போர்ட்ஸ் கடையில் சைக்கிள் கையுறையை எடுத்துக் காட்டுவார்கள். பார்க்க அழகு. சைக்கிள் ஹேண்டில்பாருக்காகச் செய்தது என்பதால், பெரும்பாலும் சுண்டுவிரல் பக்கத்து அடிமேட்டில் மெத்தை வைத்திருப்பார்கள். நமக்குப் பாரம் விழுவது கட்டைவிரல் பக்கம். அந்தப் பக்கமும் ஒட்டு இருக்கிற மாடலாகத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் செருப்புத் தைக்கிற அண்ணனிடம் கொடுத்து, கட்டைவிரலின் உள்பக்கத்தில் ரெக்சின் துண்டு வைத்து நைலான் நூலால் தைத்து வாங்குங்கள். தையல் மேடு வெளிப்பக்கம் இருக்கட்டும். மருந்துக்கடையில் விற்கும் மெல்லிய பரிசோதனைக் கையுறை இந்த வேலைக்கு ஆகாது. வியர்த்து ஊறும், தெருமுனை தாண்டுமுன் கிழியும்.

அளவு எடுப்பது எளிது. கட்டைவிரலை விட்டுவிட்டு, விரல் முட்டிகளுக்குச் சற்றுக் கீழே உள்ளங்கையைச் சுற்றித் தையல் டேப்பால் அளந்து பாருங்கள். 8 அங்குலம் வந்தால் 8-ஆம் எண், 9 வந்தால் 9. இரண்டு கையையும் அளவெடுங்கள், அதுவும் சாயங்காலத்தில். தள்ளித் தள்ளிக் கை சற்று வீங்கியிருக்கும். வளர்கிற பிள்ளைதானே என்று ஒரு சைஸ் பெரிதாக எடுக்கும் பழக்கம் சட்டைக்குச் சரி, கையுறைக்குச் சரியில்லை. தொளதொளவென்று இருப்பது உள்ளே மடிந்து கொப்புளம் தரும். விரல் நுனி ஸ்போக்ஸ் கம்பியில் மாட்டும். மோதிரத்தைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். அக்கா தங்கையர் வளையலை மேலே ஏற்றிவிட்டுத் தள்ளுங்கள்.

கடையிலேயே சோதித்து வாங்குங்கள். போட்டுக்கொண்டு பத்துத் தள்ளு தள்ளுங்கள். பிறகு வாசல் சரிவில் இறங்கிப் பிடித்து நிறுத்துங்கள். சரிவுப்பாதை என்றால் 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும் என்பது விதி. நம் ஊர்க் கடை வாசல்களில் பாதி நீளம்கூட இருக்காது, ஆகையால் அந்தச் சோதனை கடினமானதாகவே இருக்கும். கைப்பிடியை ஊன்றி உடம்பைத் தூக்கிப் பாருங்கள். பையிலிருந்து போனை எடுங்கள். கடைசியில் பிறர் உதவி இல்லாமல் கழற்றுங்கள். இதில் எது முடியாவிட்டாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தென்காசிக் கோபுர வாசலில் எதிர்க்காற்று தள்ளும்போது கையுறை சரியில்லை என்று தெரிந்து பயனில்லை.

பராமரிப்பில் இரண்டு விஷயம் முக்கியம். முதலாவது சுத்தம். டயர் தொட்ட தெருவையெல்லாம் கையுறையும் தொடுகிறது. சாப்பிடுமுன், சிறுநீர்க் குழாய் போட்டுக்கொள்ளுமுன், கழற்றி வைத்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குழாய் வழியாகக் கிருமி ஏறினால் கடைசியில் சிறுநீரகம் வரை போகும். இரண்டாவது, இரண்டு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். ஆடி மாதத்தில் துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாத ஊர் இது. ஈரக் கையுறையைப் போட்டால் விரல் இடுக்கில் சேற்றுப்புண் போலப் பூஞ்சை வரும். நிழலில் காய வையுங்கள். குற்றாலத்தில் நாற்காலியின் கைப்பிடியில் மட்டும் காய வைக்காதீர்கள். குரங்குகள் உங்களிடம் அனுமதி கேட்காது.

கையுறையால் ஆகாதவையும் உண்டு. பல வருடம் கையால் தள்ளுகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மணிக்கட்டு நரம்பு அழுந்தும் நோய் வருவதாக ஆய்வுகள் சொல்கின்றன. இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய்த் தூக்கம் கலைந்தால், கெட்டியான கையுறை தேடி அலையாமல் மருத்துவரைப் பாருங்கள். படபடவென்று சின்னச் சின்னதாகத் தள்ளாமல், நீளமாக நிதானமாகத் தள்ளிவிட்டு, கையை ரிம்முக்குக் கீழே தொங்கவிட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள். கையை ரிம்மின் உச்சியில் வைத்தால் முழங்கையில் மேல்கைக்கும் முன்கைக்கும் நடுவிலுள்ள கோணம் 100 முதல் 120 பாகை வரை இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் உங்கள் நாற்காலி உங்களுக்கு அளவானதல்ல. உடம்புக்கு அளவெடுத்த நாற்காலிகளைச் செய்யும் முயற்சி சென்னை ஐ.ஐ.டி.யில் நடக்கிறது. முகாமில் வாங்கிய மடக்கு நாற்காலியே உங்களிடம் இருந்தாலும், இருக்கையின் உயரத்தை மெத்தையால் கூட்டிக் குறைத்துச் சரிசெய்ய முடியும், பயிற்சியாளரிடம் கேளுங்கள்.

முகாம் என்றதும் ஒன்று. ஐ.நா. மாற்றுத்திறனாளிகளுக்கென்று அறிவித்த ஆண்டு 1981. அதே ஆண்டில்தான் மத்திய அரசின் உபகரண உதவித் திட்டமும் தொடங்கியது, ஆய்க்குடியில் அமர் சேவா சங்கமும் தொடங்கியது. அன்றிலிருந்து நாற்காலிகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் நாற்காலியோடு கையுறை சேர்ந்து வரும் வழக்கம் இல்லை. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குத் தனித்தனியாகப் போய் உதவித்தொகைக்கு மனுக் கொடுக்கிற நாம், ஒருமுறை சேர்ந்து போவோம். கையால் தள்ளும் நாற்காலி ஒவ்வொன்றோடும் ஆண்டுக்கு இரண்டு ஜோடி கையுறை, அளவெடுத்துத் தர வேண்டும் என்று மாவட்ட ஆட்சியரிடம் எழுதிக் கொடுப்போம். தென்காசி தனி மாவட்டம் ஆனது 2019-இல். இந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்த மாவட்டம் என்ற பெயரும் அதற்கே வரட்டும்.

மனுவுக்குப் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பழைய கையுறைகளைத் தூக்கிப் போடாதீர்கள். எத்தனை மாதம் உழைத்தது, எங்கே கிழிந்தது, உங்கள் கை எப்படிப்பட்டது என்று ஒரு சீட்டில் எழுதி அதோடு சேர்த்துக் கட்டி, நாம் கூடும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். புதிதாக நாற்காலியில் உட்காரும் ஒரு தம்பிக்கு, கடைக்காரர் பேச்சைவிட அந்தச் சீட்டு பயன்படும். இன்று சாயங்காலமே டேப்பை எடுத்து இரண்டு உள்ளங்கையையும் அளந்து எழுதி வையுங்கள். சாரல் தொடங்குமுன் வாங்கிவிடுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்,
தென்காசி